வாவிக் கரையில் கண்டலைத் திரும்பக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக் கரையில், உவர்ச்சேற்றில் வளரும் கண்டல்காட்டை மீட்கும் வேலையில் இறங்கியவர்களிடம் மீனவர் சங்கத்தார், பாடசாலை ஆசிரியர்கள், இளைஞர் கழகப் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் உறவுகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. வாவியையும் கண்டலையும் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். கடற்கரை மணல்மேடு, அம்பாறைக் காடு, பாசிக்குடாப் பவளப்பாறை பற்றிய கேள்விகளும் இடையில் உண்டு.

மரம் நடுவதும் சூழலை மீளமைப்பதும் ஒன்றுதானே?

இல்லை. நடுவது அந்த வேலையில் ஒரு பகுதி. பல இடங்களில் அது தேவைப்படுவதே இல்லை.

கண்டல்காட்டில் மரம் மட்டும் இல்லை. சேறு இருக்கிறது, அந்தச் சேற்றுக்கு வந்துபோகும் தண்ணீர் இருக்கிறது. கோடையில் உவர் கூடுகிறது, மாரியில் குறைகிறது. நண்டு சேற்றைக் குடைந்து காற்றை உள்ளே விடுகிறது. உதிர்ந்த இலை மக்கி இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் இரையாகிறது. காடு அழிந்த ஓர் இடத்தில் இவற்றில் எது கெட்டுப்போனது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்வதுதான் மீளமைப்பு. கெட்டது தண்ணீர் என்றால் கன்று நட்டுப் பயன் இல்லை.

உலகம் முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 400 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2018 இல் வெளியானது. பாதிப்பை நிறுத்திவிட்டு இயற்கையின் போக்கில் விட்ட இடங்களும் இருந்தன, மனிதர் இறங்கி வேலை செய்த இடங்களும் இருந்தன. சராசரியாகப் பார்த்தால் இரண்டாவது வகை இடங்கள் வேகமாகவோ முழுமையாகவோ மீண்டதாகத் தெரியவில்லை. இதை வைத்து ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. பாதிப்பை நிறுத்துவதுதான் முதல் வேலை, பெரிய வேலையும் அதுதான். மண் போட்டு நிரப்புவது நிற்கவில்லை, குப்பை கொட்டுவது நிற்கவில்லை என்றால், பக்கத்தில் ஆயிரம் கன்று நட்டாலும் கரை மீளாது.

எங்கள் ஊரில் நட்ட கன்றெல்லாம் செத்துவிட்டது. ஏன்?

இதைக் கேட்காத ஊர் குறைவு. உங்கள் ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை. இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகள் என்னவாயின என்று நேரில் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2017 இல் வெளியானது. பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நட்டதில் பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்றுதான். மூன்றும் மேற்குக் கரை. மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டதில் 200 ஹெக்டயரும் சொச்சமும்தான் தேறியது. செலவு 1.3 கோடி அமெரிக்க டொலர். சுனாமிக்குப் பிறகு நல்ல மனத்தோடு வந்த காசு அது.

காரணங்களில் பெரியது தண்ணீர் மட்டம். கண்டல் தண்ணீரில் வளரும் மரம் என்று நாம் நினைக்கிறோம். தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் வளரும் மரம் என்பதே சரி. எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில் இளங்கன்று மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும். பெரிய வற்றுப்பெருக்கு உள்ள நாடுகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதால், எந்த உயரத்தில் நடலாம் என்று பார்த்தாலே தெரியும். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவிக்குள் அது இன்னும் சுருங்கிவிடும். இங்கே தண்ணீரை ஏற்றி இறக்குவது மாரியும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும்தான். கார்த்திகையில் மழை பிடித்து, உன்னிச்சை, நவகிரிப் பக்கத்துக் குளங்களும் வான்பாயத் தொடங்கினால் வாவி நிரம்பும். முகத்துவாரம் உடையும்வரை தண்ணீர் அப்படியே நிற்கும். கோடையில் மணல் வந்து வாயை அடைக்கும், வாவி வற்றும்.

இனி நடுகை நாட்களைப் பாருங்கள். கண்டல் சூழலுக்கான சர்வதேச தினம் ஜூலை 26. நல்ல கோடை. வாவி வற்றி, சேறு வெளியே தெரிந்து, நடந்து போக வசதியாக இருக்கும் காலம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அந்த வெளிச்சேற்றில் நட்டுவிட்டு வருகிறோம். மூன்று நாலு மாதத்தில் அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர். முழுக்க மூழ்கிய கன்று வாரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. மாரி முடிந்து போய்ப் பார்த்தால் கட்டிவிட்ட குச்சி நிற்கும், கன்று இராது.

அடுத்த காரணம் இனம். கண்டல்காட்டில் பல இன மரங்கள் உண்டு, அவற்றில் ஒன்றுக்குக் கண்டல் என்றே பெயர். அதன் காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் போதும், நாற்றுமேடை தேவையில்லை. இந்த வசதிக்காகவே எல்லா இடத்திலும் இதையே நட்டார்கள். ஆனால் வாவிக் கரையில் கண்டல் இருக்கும் இடம் வேறு, கண்ணா இருக்கும் இடம் வேறு, தில்லையும் திப்பரத்தையும் இருக்கும் மேட்டுப் பக்கம் வேறு. நன்னீர் கூடுதலாக வரும் ஆற்றோரத்தில் கிண்ணை நிற்கும். கண்ணா நின்று அழிந்த உவர்நிலத்தில் கண்டலைக் குத்தினால் அது பிழைப்பது அரிது.

பிறகு மாடு. வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வேளாண்மைக் காலத்தில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், மாடு விட முடியாது. அது கரைக்குத்தான் வரும். கண்ணா இலை மாட்டுக்குப் பிடித்த தீனி. தின்றது போக மீதியை மிதித்துவிடும். ஒரு முறை நடுகை நடந்த சேற்றில் நின்று பார்த்தேன். வரிசையில் இருந்த ஒவ்வொரு குளம்புக் குழிக்குள்ளும் ஒரு கன்று மடிந்து கிடந்தது. தண்டில் பச்சைப் பாசி கயிறாகச் சுற்றியிருந்தது. அந்தப் பாசி காய்ந்ததும் அதன் பாரத்திலேயே இளங்கன்று சாய்ந்துவிடும். தண்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் இதையேதான் செய்யும்.

கடைசிக் காரணம், நட்ட பிறகு யாரும் போய்ப் பார்க்காதது. மேலே சொன்ன ஆய்வில் கன்று பிழைத்ததற்கும் பிறகு பராமரித்ததற்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. செய்திட்டங்கள் அநேகமாக நடுகைக்குக் காசு ஒதுக்கும், அடுத்த மூன்று ஆண்டுக்கு ஒதுக்காது.

அப்படியென்றால் நடவே கூடாதா?

நடலாம். விதை வந்துசேர வழியே இல்லாத இடம், சுற்றுவட்டாரத்தில் தாய்மரமே மிஞ்சாத இடம், அரிப்பு வேகமாக நடக்கும் கரை ஆகிய இடங்களில் நடுவது உதவும். போர்க்காலத்தில் பாதுகாப்புக்கு என்று வாவியோரக் கண்டல் நீளத்துக்கு வெட்டப்பட்டது. சில பக்கங்களில் விதை தரப் பெரிய மரம் இல்லாமல்போனது அதனால்தான். அங்கே நட்டால் பலன் இருக்கும்.

ஆனால் முதலில் சிறிய அளவில் நட்டுப் பாருங்கள். ஐம்பது கன்று ஒரு மாரியையும் ஒரு கோடையையும் தாண்டட்டும். அப்புறம் ஐந்நூறு நடலாம். இரண்டு மூன்று இனங்களைக் கலந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய உயரத்தில் நடுங்கள். கடற்புல் இருக்கும் இடத்தில் ஒருபோதும் நட வேண்டாம். அது ஏற்கெனவே உயிரோடு இருக்கிற ஒரு சூழல்.

எங்கிருந்து தொடங்குவது?

கரையில் நடந்து பார்ப்பதிலிருந்து. முதலில் அழிந்த இடத்துக்குப் பக்கத்தில் நன்றாக நிற்கும் கண்டல் துண்டு ஒன்றைத் தேடுங்கள். அதற்குள் போய் எந்த மரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். தண்ணீர் ஏறிய அடையாளம் தண்டில் கறையாக இருக்கும். தில்லையிடம் மட்டும் கவனம்: அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து.

அடுத்ததாக ஊரில் வாவித்தொழில் செய்த வயதானவர்களைக் கேளுங்கள். முன்பு இங்கே என்ன நின்றது, எப்போது போனது, எந்தப் பக்கத்தால் தண்ணீர் வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு பெரியவரை அவருடைய தோணியில் ஏறிப்போய்க் கேட்டால், வரைபடத்தில் இல்லாத பழைய ஓடைகளைக் கையைக் காட்டிச் சொல்வார். வீட்டில் வைத்துக் கேட்டால் அவ்வளவு வராது.

பிறகு நாலைந்து கம்பை வெவ்வேறு உயரத்தில் நட்டு, அரை அடிக்கு ஒரு கோடு பெயின்றால் போடுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதட்டும். ஓர் ஆண்டு எழுதினால் போதும். அந்தக் கொப்பியின் பெறுமதி எந்தச் செய்திட்ட அறிக்கைக்கும் இல்லை. எந்த உயரத்தில் தண்ணீர் எத்தனை வாரம் நிற்கிறது, எந்த உயரத்தில் ஏறி இறங்குகிறது என்பதை அதில் பார்க்கலாம்.

தண்ணீர் வழியைத் திறப்பது என்றால் என்ன செய்வது?

அமெரிக்காவின் புளோரிடாவில் ரொபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் இந்த முறைக்காக நெடுங்காலம் வாதாடினார். அங்கே வெஸ்ட் லேக் என்ற இடத்தில் பெரும் பரப்பில் கண்டல் மீண்டது. மண்ணின் உயரத்தைப் பக்கத்துக் காட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்து, ஓடைகளை வெட்டிவிட்டார்கள். விதை தண்ணீரோடு தானாக வந்து முளைத்தது. கண்டல் நிலம் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மூழ்கியிருக்கும் என்பது அவர் அளந்து சொன்ன விடயம்.

இங்கே நம் கரையில் அது இப்படி அமையும். ரோட்டுக்குக் குறுக்கே போட்ட குழாய் மண்ணாலும் பொலித்தீனாலும் அடைபட்டிருந்தால், அதற்கு அந்தப் பக்கம் உள்ள கண்ணா பட்டுப்போகும். குழாயைத் துப்புரவாக்கினாலே பாதி வேலை முடிந்தது. கைவிடப்பட்ட இறால் பண்ணை என்றால் வரம்பை இரண்டு மூன்று இடத்தில் உடைத்து, வெட்டிய மண்ணைக் குளத்தின் பள்ளத்துக்குள் தள்ள வேண்டும். எந்த இடத்தில் உடைப்பது என்பதை மண் வெட்டும் பெக்கோ இயந்திரச் சாரதியிடம் விட்டுவிடக் கூடாது. பழைய ஓடை போன தடத்திலேயே உடைத்தால்தான் தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும்.

மழைக்குத் தானாக வரம்பு உடைந்த ஒரு பழைய பண்ணைக் குளத்தை எனக்குத் தெரியும். யாரும் ஒன்றும் நடவில்லை. உடைப்பு வாயிலிருந்து உள்ளே விசிறியாகக் கண்ணாக் கன்று முளைத்துக்கொண்டு போகிறது. உயரமான பக்கம் அடர்த்தியாகவும் பள்ளத்துப் பக்கம் அறவே இல்லாமலும் இருக்கிறது. எங்கே வளரலாம் என்று விதைகளே காட்டித் தந்திருக்கின்றன. அந்த இடத்தைப் பார்க்க யாரையும் கூட்டிப்போக நான் தயார். ஒரு மணித்தியாலம் அங்கே நின்றால் பயிற்சிப்பட்டறையில் ஒரு நாள் இருப்பதைவிட நன்றாக விளங்கும்.

முகத்துவாரத்தை வெட்டுவதை எதிர்க்கிறீர்களா?

முழுவதுமாக இல்லை. 2011 ஜனவரி வெள்ளம் மாதிரி ஒன்று வந்து படுவான்கரை முழுக்க வேளாண்மை நீருக்குள் கிடக்கும்போது, வாயை வெட்டாதே என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு.

எப்போது, எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அவசரமாக அகலமாக வெட்டினால் வாவி ஒரேயடியாக வடிந்துவிடும், இறாலும் குஞ்சுமீனும் கடலோடு போய்விடும். பிந்தினால் வட்டை மூழ்கும். வெட்டாமலே விட்டால் கடலிலிருந்து உள்ளே வரவேண்டிய கொடுவாவும் இறாலும் வராது. பாலமீன்மடுப் பக்கத்து வாயும் கல்லாற்று வாயும் ஒன்றுபோல நடப்பதும் இல்லை. விவசாயிகளும் மீனவரும் ஒரே மேசையில் இருந்து, கம்பில் அளந்த தண்ணீர் மட்டத்தை முன்னால் வைத்து முடிவெடுத்தால் சண்டை குறையும் என்பது என் கருத்து. சத்தம் கூடிய பக்கம் வெல்வது வாவிக்கு நல்லதில்லை.

கண்டல் வளர்ந்தால் எங்கள் தோணித்துறை அடைபட்டுவிடாதா?

நியாயமான பயம். தோணி கட்டும் இடத்தையும் வலை காயப்போடும் இடத்தையும் முதலிலேயே குறித்து ஒதுக்கிவிட வேண்டும். அதைக் குறிக்க வேண்டியவர்கள் தொழிலுக்குப் போகிறவர்கள்தான், அதிகாரிகள் இல்லை. கரை வலையோ வீச்சுவலையோ போடும் பெண்களும் ஆண்களும் எந்த வழியால் இறங்குகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அத்தாங்கு கொண்டு இறால் வடிக்கிறவர்களைக் கூட்டங்களில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கரையோடு கூடுதலாகப் புழங்குகிறவர்கள் அவர்கள்தான்.

தானாக மீள எத்தனை ஆண்டு பிடிக்கும்?

240 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2009 இல் வந்தது. காடுகள் மீளச் சராசரியாக 42 ஆண்டு, கடலடித் தரை மீளப் பத்து ஆண்டுக்கும் குறைவு. பல பாதிப்புகள் ஒன்றாகச் சேர்ந்த இடங்களுக்கு அதைவிடவும் கூடுதல் காலம். மூன்றில் ஒரு பங்கு ஆய்வுகளில் எல்லாமே மீண்டிருந்தன. இன்னொரு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலது மீண்டு சிலது மீளாமல் இருந்தது. மற்றவற்றில் ஒன்றும் மீளவில்லை.

நம் ஊரில் உதாரணம் வேண்டுமென்றால் 1978 நவம்பர் 23 சூறாவளி. வயதானவர்கள் இன்றும் ஆண்டைச் சொல்ல அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன, காட்டு மரங்கள் முறிந்தன. சூறாவளி ஒரு இரவு அடித்துவிட்டுப் போனது. மண் இருந்தது, தண்ணீர் வழி இருந்தது, வேர் இருந்தது, விதை இருந்தது. அதனால் காடு எழும்பியது. வாவிக் கரையில் மண் போட்டு நிரப்பி, மதில் கட்டி, கழிவுநீர்க் குழாயை விட்டால் நிலைமை வேறு. அங்கே அடி விழுவது நிற்கவே இல்லை. எவ்வளவு பலமாக அடித்தது என்பதைவிட, அடி நின்றதா, விதையும் தண்ணீரும் வர வழி மிஞ்சியதா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு சூழல் மீள்கிறது.

மீண்ட பிறகு பழையபடியே இருக்குமா?

அநேகமாக இருக்காது. மீளமைக்கப்பட்ட 621 ஈரநிலங்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2012 இல் வந்தது. பல பத்தாண்டுகள் போன பின்னும், இயற்கை ஈரநிலத்தோடு ஒப்பிட்டால் உயிரினங்களும் மண்ணில் சேர்ந்த கரிமமும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தன. இங்கே வெட்டிவிட்டு அங்கே நட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்து சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற காட்டுக்குப் பதிலாக நட்ட காட்டை ஏற்றுக்கொண்டால் நட்டம் நமக்கு.

கண்டல் இருந்திருந்தால் சுனாமியைத் தடுத்திருக்குமா?

2004 டிசம்பர் 26 இல் இந்தக் கரையில் உறவை இழக்காத குடும்பம் குறைவு. அதனால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் சொல்ல வேண்டும். அந்த அளவு அலையைக் கண்டல் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சுனாமிக்குப் பின் இதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. மரத்தடுப்பு இருந்த இடங்களில் சேதம் குறைந்தது என்றார்கள் சிலர். கரையிலிருந்து வீடு எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம் என்பவைதான் தீர்மானித்தன என்றார்கள் வேறு சிலர். இன்னொன்று, நம் கண்டல் பெரும்பாலும் வாவிக்குள் இருக்கிறது. நாவலடியிலும் கல்லடியிலும் காரைதீவிலும் அலை வந்தது திறந்த கடல் பக்கத்தால்.

சாதாரணப் புயல் அலையையும் கரை அரிப்பையும் வெள்ள நீரின் வேகத்தையும் கண்டல் குறைக்கும், அதில் சந்தேகம் இல்லை. அதைச் சொல்லி மரம் நடச் சொல்லுங்கள். சுனாமி வராது என்று சொல்லி நடச் சொன்னால், அந்த நம்பிக்கையில் யாராவது கரையோடு வீடு கட்டுவார்கள்.

கடற்கரையில் சவுக்கு நட்டது நல்லதா கெட்டதா?

சுனாமிக்குப் பிறகு காற்றுத்தடுப்பு என்று கிழக்குக் கரையில் சவுக்கு நட்டார்கள். விரைவாக வளரும், நிழல் தரும், விறகும் ஆகும். ஊருக்குப் பக்கத்தில் அது பிழையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சவுக்கின் அடியில் காய்ந்த இலை தடிப்பாக விரிந்து கிடக்கும், வேறொன்றும் முளைக்காது. மணலைப் பிடித்து மேடு கட்டுவது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். அலை மேட்டைக் கரைத்தாலும் அவை திரும்பப் படர்ந்து மணலைச் சேர்க்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. பாணமைப் பக்கம் ஆமை முட்டையிட ஏறும் கரைகளில் சவுக்கை நடாமல் இருப்பது நல்லது. அங்கே மணல் அள்ளுவதையும் வாகனம் ஓடுவதையும் நிறுத்தினால் கொடி தானாக இறங்கி வரும். மேட்டின் பின்பக்கம் தாழை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரையை) அள்ளி அள்ளிக் களைத்துவிட்டோம். வழி உண்டா?

அள்ள வேண்டியதுதான், பூக்கும் முன் அள்ள வேண்டும். அதன் விதை சேற்றில் பல ஆண்டு கிடந்து முளைக்கும். ஆனால் அது பெருகுவதற்குக் காரணம் தண்ணீரில் சேர்ந்த உரச்சத்து. வட்டையில் போடும் யூரியாவில் பயிர் எடுக்காத பங்கும், அம்பாறைப் பக்கத்து வயல்களிலிருந்து வடிந்து வருவதும், ஊர்க் கழிவுநீரும் வாவிக்குத்தான் வருகின்றன. உவர் ஏறினால் ஆற்றுவாழை தாங்காது. கோடையில் கடல்நீர் வந்த பகுதிகளில் அது கருகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஓட்டம் செத்துப்போன மூலைகளில்தான் அது நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகும். தூரத்துக்கு ஏற்றி, மக்கவைத்துப் பசளையாக்குங்கள்.

அம்பாறைப் பக்கத்துக் காட்டுக்கும் இதே முறை பொருந்துமா?

அடிப்படை ஒன்றுதான், செய்யும் வேலை வேறு. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கே பெரும் காடு வயலாகவும் குடியேற்றமாகவும் மாறியது. அதைத் திருப்ப முடியாது, திருப்பவும் தேவையில்லை. காட்டை வெட்டி எரித்துப் பயிர்செய்து பிறகு கைவிட்ட சேனை நிலங்கள்தான் மீளக்கூடிய இடங்கள். உலர்வலயக் காட்டு மரங்களில் பலவற்றுக்கு வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் குணம் உண்டு. பறவையும் குரங்கும் யானையும் விதையைக் கொண்டுவரும். பாலையும் வீரையும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

அதைக் கெடுப்பது நெருப்பு. கினிப்புல்லும் இலுக்கும் ஏறிய நிலத்தில் கோடைக்குக் கோடை தீ வைத்தால், துளிர்த்ததெல்லாம் கருகி, புல் மட்டும் திரும்ப வரும். அங்கே கன்று நடச் செலவழிக்கும் காசில் தீத்தடுப்புக் கோடு வெட்டி நாலைந்து கோடைக்குப் பாதுகாத்தால் காடு தானாக ஏறும். யானை போகும் தடத்தில் மட்டும் வாழையோ கரும்போ நட்டுவிடாதீர்கள். லகுகலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பாசிக்குடாவில் பவளம் திரும்ப வளருமா?

மெதுவாக வளரும், இடைவெளி கிடைத்தால். 1998 இலும் 2016 இலும் கடல் சூடேறிப் பவளம் வெளிறியது. ஒரு வெளிறலிலிருந்து மீளப் பத்துப் பதினைந்து ஆண்டு வேண்டும். சூடு அதற்குள் திரும்ப வந்துவிடுகிறது. கடல் சூட்டை நாம் குறைக்க முடியாது. ஹோட்டல் கழிவையும், பாறைமேல் நங்கூரம் போடுவதையும், பவளத்தில் ஏறி நின்று படம் எடுப்பதையும் நிறுத்தலாம். காயங்கேணிப் பகுதி 2019 இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதைக் காப்பதே இப்போதைக்குச் செய்யக்கூடிய நல்ல வேலை.

பாடசாலையில் நடுகை நாள் வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் வாவிக்குள் வேண்டாம். பிள்ளைகளுக்கு நாற்றுமேடை வேலை கொடுங்கள். கண்ணா விதையைப் பொறுக்கிப் பையில் போட்டு வளர்க்கட்டும். பழைய கண்டல் ஒன்றுக்குள் கூட்டிப்போய் இலையை நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: கண்ணா இலையில் உப்பு ருசிக்கும், மரம் உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது என்பது அந்த ஒரு நக்கலில் பிடிபடும். தண்ணீர்க் கம்பைப் பார்த்து எழுதும் பொறுப்பை ஒன்பதாம் ஆண்டுக்குக் கொடுத்தால், அவர்கள் பத்தாம் ஆண்டுக்குப் போகும்போது நடவேண்டிய உயரத்தை அவர்களே சொல்வார்கள்.

யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்?

வாவிக் கரை அநேகமாக அரச நிலம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரச் சட்டத்தின்படி கரையோர வலயம் கடலிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரும். கடலோடு சேரும் வாவிகளில் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை போகும். அதற்கு உட்பட்ட இடம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களம், கண்டல்காடு என்றால் வனத் திணைக்களம், சரணாலயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். எதற்கும் முதலில் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வரம்பு உடைப்பது, ஓடை வெட்டுவது போன்ற வேலையை அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம்.

வெற்றி என்று எப்போது சொல்லலாம்?

நட்ட கன்றின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லாதீர்கள். ஐந்தாவது ஆண்டில் போய்ப் பாருங்கள். யாரும் நடாத கன்று முளைத்திருக்கிறதா? நட்ட இனம் இல்லாத வேறு இனம் வந்திருக்கிறதா? சேற்றில் நண்டுக்குழி இருக்கிறதா? கால் வைத்தால் சேறு கறுப்பாக நாறுகிறதா, இல்லை வேர் பிடித்து உறுதியாக இருக்கிறதா? அத்தாங்கு போடுகிறவர்கள் அந்தக் கரைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் எனக்கு மற்ற அளவீடு எல்லாம் பிறகுதான்.

வெளிநாட்டில் இருக்கிறோம், காசு அனுப்பினால் எதற்குச் செலவழிப்பது?

கன்று வாங்க வேண்டாம். மாட்டுக்கு வேலி போட, அடைபட்ட குழாய் துப்புரவாக்க, மூன்று ஆண்டுக்கு ஒருவருக்குப் பகுதிநேரச் சம்பளம் கொடுக்க அனுப்புங்கள். அந்த ஒருவர் ஊர்க்காரராக, வாவித்தொழில் தெரிந்தவராக இருக்கட்டும். வாரம் ஒருமுறை கரையைச் சுற்றி, பாசியை எடுத்துவிட்டு, வேலியைக் கட்டி, தண்ணீர் மட்டத்தை எழுதி, மண் கொட்ட வரும் உழவு இயந்திரத்தைக் கண்டால் பிரதேச செயலகத்துக்குச் சொல்வது அவருடைய வேலை. முழுக் காசையும் முதல் ஆண்டிலேயே கொடுக்காமல் ஆண்டுக்கு ஒரு பங்காகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே பக்கத்தைப் பார்த்து எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மாரிக்கு முன் ஒன்று, மாரிக்குப் பின் ஒன்று.